பிரேக் மட்டும் வரவில்லை

கள்ளக்குறிச்சி
6 ஜனவரி 2025

மதிப்பிற்குரிய சவரியப்பன் அண்ணனுக்கு,

உங்கள் தபால் அட்டை கிடைத்தது. சந்தோஷத்தில் அதைக் கடையில் சத்தம்போட்டுப் படித்தேன், கேட்க ஆளில்லாவிட்டாலும். வெள்ளிமலை டீக்கடைச் சுவரில் நான் ஒட்டிய நோட்டீஸை யாரும் படிப்பார்கள் என்று எனக்கு நம்பிக்கையே இல்லை. அங்கே ஒட்டச் சொன்னது என் வாடிக்கையாளர்தான். “மலையிலயும் ஒட்டிப் பாரும்மா, எவன் வூட்லயாவது கெடக்கும்” என்றார். மலையில் யார் வீட்டில் ஜப்பான் சைக்கிளின் சாமான் இருக்கப்போகிறது என்று மனதுக்குள் சிரித்துக்கொண்டேதான் பஸ் ஏறினேன்.

எனக்குச் சங்கராபுரம் சாலையில் சைக்கிள் கடை. முன்பக்கம் பள்ளிக்கூடப் பிள்ளைகளின் பஞ்சர் வேலை, சோறு அதில் வருகிறது. பின்னறையில் பழைய மலையேறும் சைக்கிள்கள். எண்பதுகளில், தொண்ணூறுகளில் வெள்ளைக்காரர்கள் இந்தியாவுக்குக் கொண்டுவந்து ஓட்டி அலுத்து விட்டுப்போனவை. அவற்றில் இல்லாத சாமான்களைத் தேடிப் பிடித்து ஓடவைப்பது எனக்குப் பித்து என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த வாடிக்கையாளர் இப்போது கொண்டுவந்திருப்பது வெறும் ஃபிரேமும், சீட்டும், ஹேண்டில்பாரும், இரண்டு சக்கரமும். கியர் இல்லை, லீவர் இல்லை, பிரேக் இல்லை. பிரேக்தான் என்னைக் கொல்கிறது. இரண்டு சின்ன உருளைகளுக்கு நடுவே ஒரு முக்கோணத் தகடு ஏறிப் பிடிக்கிற வகை. இரண்டு மூன்று வருடம்தான் செய்தார்கள், பிறகு நிறுத்திவிட்டார்கள். வேறு எந்த பிரேக்கும் அந்த ஃபிரேமில் உட்காராது. புதுச்சேரிப் பழைய இரும்புக் கடைகளில் முழங்கை வரை துருவோடு தேடினேன். பெங்களூரில் ஒருவர் வைத்திருந்தார், அதுவும் உடைந்தது. ஜெர்மனியில் ஒருவரிடம் நல்லது இருக்கிறதாம், உயிரே போனாலும் தரமாட்டாராம்.

நீங்கள் ‘உருளை பிரேக் இரண்டும் இருக்கிறது, கியரும் இருக்கிறது’ என்று எழுதியிருக்கிறீர்கள். நிஜமா அண்ணா? ஒரு போன் நம்பர் போட்டிருந்தால் இப்போதே கூப்பிட்டிருப்பேன்.

இப்படிக்கு,
எழில்மதி


வெள்ளிமலை
18 ஜனவரி 2025

எழில்மதி அவர்களுக்கு,

நிஜம்தான். நம்புவதற்காகப் பின் கியரையும், கட்டைவிரலால் தள்ளுகிற லீவர்கள் இரண்டையும் இத்துடன் பார்சலில் அனுப்பியிருக்கிறேன். பிரேக் இரண்டையும் பிறகு அனுப்புகிறேன். ஒன்றில் ஸ்பிரிங் இறுகிக் கிடக்கிறது, எண்ணெய் போட்டு ஊறவைத்திருக்கிறேன்.

கியரைப் பிரித்துக் கழுவ வேண்டாம். சுத்தமாக இருக்கும். என் மகள் நான்சிக்குப் பன்னிரண்டு வயது, சின்னதிலிருந்து அவளுக்கு அதுதான் பொம்மை. பழைய பல் பிரஷை வைத்துக்கொண்டு தேய்த்தபடியே இருப்பாள். பார்சல் கட்டும்போது கொஞ்சம் அழுதாள். ஒரு சைக்கிளில் ஏறி ஓடினால்தான் அதற்கு மரியாதை என்று சொல்லிச் சமாதானப்படுத்தினேன்.

எனக்கு போன் கிடையாது, வைத்துக்கொள்வதில்லை. சைக்கிளைப் பற்றிப் பேச இங்கே ஆளும் கிடையாது. அதனால்தான் உங்கள் நோட்டீஸைப் பார்த்ததும் கை சும்மா இருக்கவில்லை. ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன். வாடிக்கையாளரிடம் என் பேரைச் சொல்ல வேண்டாம். மலையில் கிடைத்தது என்றால் போதும்.

ஃபிரேம் என்ன கலர்?

சவரியப்பன்


கள்ளக்குறிச்சி
27 ஜனவரி 2025

அன்புள்ள அண்ணனுக்கு,

பச்சை. வாழைக்குருத்து மாதிரி ஒரு பச்சை, வெயில் படாத இடங்களில் மட்டும் இன்னும் மிச்சமிருக்கிறது.

அண்ணா, ஒரு அதிசயம் சொல்கிறேன். பின் கியரை மாட்டிப் பார்த்தேன். ஃபிரேமில் பழைய கியர் உட்கார்ந்து தேய்ந்த தடம் ஒன்று இருந்தது, அரை நிலா மாதிரி. உங்கள் கியரின் பின்னால் அதே அரை நிலா. ஒன்றின் மேல் ஒன்று வைத்தால் இம்மி பிசகவில்லை. இத்தனை வருடத்தில் இப்படி ஒரு பொருத்தத்தை நான் பார்த்ததே இல்லை.

வாடிக்கையாளர் நேற்று வந்தார். வினோதமான ஆள். ஐம்பது தாண்டியிருக்கும், வெள்ளைச் சட்டை, அமைதியான பேச்சு. சைக்கிளைப் பற்றி ஒன்றுமே தெரியாது. ஆனால் பெங்களூரிலிருந்து வேறு கியர் வரவழைக்கிறேன் என்றால், “வேற வேணாம்மா, அதோட சாமானேதான் வேணும்” என்பார். நேற்று கியரைக் காட்டினேன். தொடவில்லை. நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து தண்ணீர் கேட்டார்.

“இத்த எவன் குடுத்தான்?”

“மலையிலேர்ந்து வந்துதுங்க.”

“மலையில யாரு?”

நான் சொல்லக் கூடாதென்றுதான் இருந்தேன். அவர் முகத்தைப் பார்த்ததும், பழைய நினைவில் ஏதோ உருகுகிறார் போலிருக்கிறது என்று நினைத்துவிட்டேன். கோபித்துக்கொள்ளாதீர்கள், பேரை மட்டும்தான் சொன்னேன். சவரியப்பன் என்றதும் அவர் சிரித்தார். சத்தமே வரவில்லை. “நல்ல பேரு” என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார்.

பிரேக்குக்காகக் காத்திருக்கிறேன்.

எழில்மதி


1 பிப்ரவரி 2025

எழில்மதிக்கு,

பெடல் அச்சுக்கு நேர் கீழே, ஃபிரேமைத் தலைகீழாகத் திருப்பிப் பார்த்தால், பித்தளை வைத்து ஊதி அடைத்த ஒட்டு இருக்கிறதா? பெருவிரல் நகம் அளவுக்கு இருக்கும்.

அந்த ஆள் வலது கையில் வாட்ச் கட்டியிருக்கிறாரா?

என்ன பேர் சொன்னார்?

பதிலைத் தபாலில் போட வேண்டாம். ஆல்பர்ட் என்று ஒருவர் வெள்ளிமலைக்கு ஜீப் ஓட்டுகிறார். தினம் காலையில் கள்ளக்குறிச்சி மார்க்கெட்டில் காய்கறி ஏற்ற வருவார். அவர் கையிலேயே கொடு. வேறு யாரிடமும் தராதே.

பிரேக்கை நான் அனுப்பமாட்டேன்.


கள்ளக்குறிச்சி
4 பிப்ரவரி 2025

அண்ணா,

ஒட்டு இருக்கிறது. வாட்ச் வலது கையில்தான். ராமலிங்கம், சின்னசேலம் என்றுதான் சொல்லியிருந்தார். உங்கள் கடிதம் வந்தபிறகு சின்னசேலத்தில் எனக்குத் தெரிந்த சைக்கிள் கடைக்காரரைக் கேட்டேன். அப்படி ஒருவர் இல்லை.

என்னை வைத்து யாரோ எதையோ செய்கிறார்கள் என்று மட்டும் புரிகிறது. அவர் இன்று மறுபடியும் வந்தார், கூட இரண்டு பேர். அந்த இரண்டு பேரும் சைக்கிளைப் பார்க்கவில்லை. என் கடைக்கு எத்தனை வாசல் என்று பார்த்தார்கள்.

நீங்கள் யார் அண்ணா? அவர் யார்? நான் என்ன செய்துவிட்டேன்?

எழில்மதி


8 பிப்ரவரி 2025

தங்கச்சி எழில்மதிக்கு,

உன் மேல் தப்பில்லை. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

என் பேர் தீனதயாளன், ஊர் வடக்கனந்தல். உன்னிடம் வருகிறவன் என் கூடப்பிறந்த அண்ணன் கண்ணாயிரம். அந்த சைக்கிள் என்னுடையது. கல்லூரியில் படிக்கும்போது புதுச்சேரியில் ஒரு பிரெஞ்சுக்காரரிடம் வாங்கினேன். அந்தப் பித்தளை ஒட்டும் நானே நின்று ஊதவைத்ததுதான்.

தெரசாவை நான் 2011-இல் பதிவுத் திருமணம் செய்துகொண்டேன். அவள் வேதக்காரப் பெண், எங்கள் நிலத்தில் கூலிக்கு வந்த சவரியப்பனின் மகள். நாங்கள் வெளியூரில் இருந்தபோது அண்ணன் அவரைப் பேசலாம் வா என்று எங்கள் மோட்டார் கொட்டகைக்குக் கூப்பிட்டனுப்பினான். குற்றுயிராக வீடு திரும்பியவரைப் பார்க்க ஓடிவந்தோம், நான்காம் நாள் அவர் இறந்துபோனார். பனைமரத்திலிருந்து விழுந்தார் என்று அண்ணன் சொன்னான். மறுத்துப் பேச யாரும் வரவில்லை. சாகுமுன் அவர் தெரசாவிடம் சொன்னது ஒன்றுதான்: “உங்களையும் உடமாட்டான், போயிடுங்க.”

நான் துணிமணி எடுக்க வீட்டுக்குப் பின்பக்கமாகப் போனேன். அங்கே கொல்லைக் கொட்டகையில் ஏற்கெனவே சைக்கிளைப் பிரித்துப்போட்டு மண்ணெண்ணெயில் கழுவிவைத்திருந்தேன். அண்ணன் குரல் கேட்டது. கையில் அகப்பட்ட பையைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். பஸ்ஸில் திறந்து பார்த்தால் துணி இல்லை. கியர், பிரேக், லீவர். தெரசா அழுதுகொண்டிருந்தவள் சிரித்துவிட்டாள். அதனால்தான் அந்தப் பையை இத்தனை வருடம் வைத்திருந்தேன்.

மலைக்கு வந்ததும் யார் என்று கேட்டார்கள். வாயில் மாமனார் பேர்தான் வந்தது. அந்தப் பேர் செத்துப்போகக் கூடாது என்று அப்போது நினைத்தேன். அதே பேர்தான் என்னைக் காட்டிக்கொடுத்திருக்கிறது.

இப்போது ஏன் தேடுகிறான் என்று தெரியவில்லை. சந்தை நாளில் கூட்டத்தோடு கூட்டமாக ஜீப் ஏறி, சேலம் பக்கமாக இறங்கிவிடலாம் என்று இருக்கிறோம். அதுவரை அவனை நிறுத்திவை. பிரேக் வரவில்லை, வேலை முடியவில்லை என்று சொல். பொய்யில்லை, பிரேக் என்னிடம்தான் இருக்கிறது.

தீனதயாளன்


கள்ளக்குறிச்சி
14 பிப்ரவரி 2025

தயாளண்ணா,

ஆல்பர்ட் அண்ணன் ஜீப்பை அணைக்காமலே நிற்கிறார். அதனால் வேகமாக எழுதுகிறேன்.

நீங்கள் சொன்னபடியே சொன்னேன். அதைக் கேட்டதும் அவராகவே சொன்னார்.

“உன்கிட்ட மறைக்க இன்னாம்மா கீது. அந்த ஆளு என் தம்பி. எங்கப்பா சாகக் கெடக்கறாரு. பெரியவனே, சின்னவன ஒருதரம் காட்டுடான்னு ரா பகலா கேட்டுக்கினு கெடக்கறாரு. நீ எழுதினா வருவான். எழுதும்மா.”

கண்ணில் தண்ணீர் வந்தது அவருக்கு. அண்ணா, உங்களிடம் மறைக்கமாட்டேன், ஒரு நிமிடம் நான் நம்பிவிட்டேன். எழுதிவிடலாம் என்றுகூட நினைத்தேன்.

அதனால் எழுதுமுன் நேரில் பார்த்துவிட மறுநாள் பஸ் ஏறி வடக்கனந்தல் போனேன். கண்ணாயிரம் வீடு எது என்று கேட்டுக் கண்டுபிடித்து, அவர் வண்டி வாசலில் இல்லை என்று உறுதி செய்துகொண்டு, தாகமாக இருக்கிறது என்று போய் நின்றேன். ஒரு அம்மா சொம்பில் தண்ணீர் கொண்டுவந்தார்கள். கூடத்துச் சுவரில் பெரியவர் ஒருவரின் படம். மாலை காய்ந்து கறுத்திருந்தது. கீழே சின்ன பல்பு எரிந்தது.

அண்ணா, உங்கள் அப்பா இறந்து ரொம்ப நாளாகிறது. இதை இப்படிச் சொல்ல வேண்டியிருக்கிறதே, மன்னியுங்கள்.

நான் படத்தையே பார்ப்பதை அந்த அம்மா பார்த்தார்கள். “சைக்கிள் கடைப் பொண்ணா நீ?” என்று கேட்டார்கள். தலையாட்டினேன். சொம்பை வாங்குகிற சாக்கில் என் கையை இறுக்கிப் பிடித்து, உதடு அசையாமல் சொன்னார்கள்: “வர வேணாம்னு எழுது. பெரியவனே வந்து கேட்டாலும் வர வேணாம்னு எழுது.”

இன்று காலை கண்ணாயிரம் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார். எவ்வளவோ தடுத்தேன்.

“பிரேக் இல்லைங்க. ஏறி உக்காந்தா எறக்கத்துல நிக்காது. மலைப்பக்கம் கொண்டு போவாதீங்க.”

“தெரியும்மா” என்றார். “ஓட்றதுக்கு இல்ல.”

வண்டியில் ஏற்றிக் கயிறு போட்டுக் கட்டினார்கள். உடனே கிளம்புங்கள் அண்ணா. சந்தை வரைக்கும் இருக்க வேண்டாம்.

எழில்மதி


(ஊர் எழுதவில்லை)
3 மார்ச் 2025

தங்கச்சி எழில்மதிக்கு,

உன் கடிதம் என் கைக்கு வந்தது சந்தையன்று காலையில்தான். ஆல்பர்ட்டின் ஜீப் வழியில் பழுதாகி நின்றுவிட்டது. என்ன நடந்தது என்று யாரிடமாவது சொல்ல வேண்டும். உன்னைத் தவிர யாரிடம் சொல்வேன்.

நானும் தெரசாவும் மூட்டைகளோடு புளி வியாபாரிகள் பக்கம் நின்றோம். நான்சி கம்மங்கூழ் வாங்கப் போனாள். திடீரென்று கூட்டத்துக்கு நடுவில் பச்சையாக ஏதோ தெரிந்தது. என் சைக்கிள். சந்தைத் திடலின் விளிம்பில், ரோடு கீழே இறங்கத் தொடங்குகிற இடத்தில், தனியாக ஸ்டாண்ட் போட்டு நிறுத்தியிருந்தார்கள். பதினாலு வருடம் கழித்துப் பார்க்கிறேன். ஓடு என்று புத்தி சொன்னது. கண் அதைவிட்டு நகரவில்லை. டீக்கடை பெஞ்சில் அண்ணன் உட்கார்ந்திருந்தான். தலை நரைத்துவிட்டது. என்னைப் பார்க்கவில்லை.

நான் பின்வாங்கித் தெரசாவின் கையைப் பிடித்தேன். அப்போது நான்சியின் குரல் கேட்டது.

“ஐ, நம்ம கியரு!”

ஓடிப்போய் சைக்கிளின் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டாள், குழந்தையைக் கொஞ்சுவதுபோல. அண்ணன் டம்ளரை வைத்துவிட்டு எழுந்து வந்தான்.

“இன்னா கண்ணு, உனுக்குத் தெரியுமா இத்த?”

“இது எங்க அப்பாவோடதுங்க.”

“அப்டியா. ஓட்டத் தெரியுமா?”

“தெரியும்.”

“அப்ப ஏறி உக்காரு. எறக்கத்துல வுடு, ஜோரா போவும்.”

அவள் ஏறிவிட்டாள் தங்கச்சி. ஸ்டாண்டை அவனே காலால் தட்டிவிட்டான். அந்த இறக்கம் எப்படியிருக்கும் என்று உனக்குத் தெரியாது. கீழே வளைவு, வளைவில் தடுப்புச் சுவர் கிடையாது. நான் எப்படி அந்தக் கூட்டத்தைத் தாண்டினேன் என்று நினைவில்லை. சக்கரம் உருளத் தொடங்கியிருந்தது. இரண்டு கையாலும் ஹேண்டில்பாரைப் பிடித்து, முட்டி தேய விழுந்து நிறுத்தினேன்.

“இதுல பிரேக்கு இல்ல” என்றேன். பதினாலு வருடம் கழித்து என் அண்ணனிடம் நான் பேசியது இதுதான்.

“தெரியும்” என்றான். “எங்க பூந்துக்கினு இருந்தாலும் நீ இதுக்கு வந்துடுவேன்னும் தெரியும்.”

ஆல்பர்ட் வந்துவிட்டார். கூட மூட்டை தூக்குகிறவர்கள் நாலைந்து பேர் வந்து சுற்றி நின்றார்கள். அண்ணன் அவர்களை ஒரு தரம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்திக்கொண்டான்.

“அப்பா பூட்டாரு. நெலத்தப் பேர் மாத்தணும். நீ கீறியா இல்லியான்னு ஆபீஸ்ல கேக்கறாங்க. நான் இன்னான்னு சொல்லட்டும்?”

நான் நான்சியைச் சைக்கிளிலிருந்து இறக்கினேன். அவன் நான்சியின் தலையைத் தடவினான். “அப்டியே நம்ம அம்மா ஜாடை” என்றான். நிஜமான பாசம்போலத்தான் இருந்தது, அதுதான் இப்போதும் என்னைத் தூங்கவிடாமல் செய்கிறது. பிறகு கேட்டான்:

“எந்த ஸ்கூல்ல படிக்கிற கண்ணு?”

அவள் சொல்லிவிட்டாள். எத்தனையாம் வகுப்பு என்றும் சொன்னாள். பெரியவர்கள் கேட்டால் மரியாதையாகப் பதில் சொல்ல வேண்டும் என்று நான்தான் அவளுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன்.

அவன் வண்டியேறிப் போய்விட்டான். நாங்கள் ஆல்பர்ட்டின் ஜீப்பில் மறுபக்கமாக இறங்கினோம். சைக்கிள் அங்கேயே கிடக்கிறது. பிரேக் இரண்டையும் வழியில் ஒரு பள்ளத்தில் எறிந்துவிட்டேன். நீ திட்டுவாய் என்று தெரியும்.

நான்சிக்கு இப்போது பள்ளிக்கூடம் இல்லை. வாசலில் நிழல் ஆடினால் உள்ளே ஓடுகிறாள். இனிமேல் ஓடுவதில்லை என்று தெரசா சொல்லிவிட்டாள். செந்தமிழ்ச்செல்வி என்று ஒரு வக்கீலைப் பார்த்தோம். மாமனார் சாவைக் கொலை வழக்காக்கலாம் என்கிறார். ஆனால் கண்ணால் பார்த்த சாட்சி வேண்டுமாம். அன்றைக்கு மோட்டார் கொட்டகைக்குச் சோறு கொண்டுபோனவள் என் அம்மா. அவள் பார்த்திருக்கிறாள். பெற்ற பிள்ளைக்கு எதிராகச் சொல் என்று அவளிடம் போய்க் கேட்க என்னால் முடியாது.

தீனதயாளன்


கள்ளக்குறிச்சி
21 மார்ச் 2025

தயாளண்ணா,

நீங்கள் கேட்க வேண்டியிருக்கவில்லை. நானும் கேட்கவில்லை.

நேற்று முன்தினம் மதியம் ஷேர் ஆட்டோவிலிருந்து உங்கள் அம்மா அமிர்தம்மா தனியாக இறங்கினார்கள். கடைக்குள் வந்து பஞ்சர் ஒட்டுகிற ஸ்டூலில் உட்கார்ந்தார்கள்.

“அவன் எங்க கீறான்னு எனுக்குச் சொல்லாத. சொன்னா நான் சொல்லிடுவேன், அடிச்சிக் கேட்டா தாங்கற வயசு இல்ல எனுக்கு. நல்லா கீறானான்னு மட்டும் சொல்லு.”

நல்லாயிருக்கிறார் என்றேன். பெண் குழந்தை இருக்கிறது, உங்கள் ஜாடை என்றேன். டீ வாங்கிக் கொடுத்தேன். ரொம்ப நேரம் குடிக்காமல் கையிலேயே வைத்திருந்தார்கள். சந்தையில் நடந்தது அவர்களுக்கு எப்படியோ தெரிந்திருக்கிறது. “கொழந்தைய ஏத்தி உட்டானாமே” என்றார்கள். டீயை ஒரே மடக்கில் குடித்துவிட்டு எழுந்தார்கள்.

“சவரி கேஸ எங்க போயிச் சொல்லணும்? இட்டுக்கினு போ.”

வக்கீலுக்குப் போன் செய்துவிட்டு, அன்று ராத்திரி அவர்களை என் வீட்டில் தங்கவைத்தேன். நேற்று மாஜிஸ்திரேட் முன்னால் சொல்லிவிட்டார்கள் அண்ணா. நான் வெளியே வராந்தாவில் நின்றேன். வரும்போது முகம் கழுவின மாதிரி இருந்தது. எல்லாம் சொல்லிவிட்டேன் என்றார்கள். யார் பிடித்துக்கொண்டார்கள், யார் அடித்தார்கள், தண்ணீர் கேட்டபோது யார் தட்டிவிட்டார்கள், எல்லாம். இனி கண்ணாயிரத்தைப் பிடித்துவிடுவார்கள், ஒன்றிரண்டு நாள் ஆகலாம் என்கிறார் வக்கீல்.

அந்த ஒன்றிரண்டு நாளும் என் வீட்டிலேயே இருங்கள் என்று காலைப் பிடிக்காத குறையாகக் கெஞ்சினேன். வக்கீலும் சொன்னார். பாதுகாப்பான இடம் இருக்கிறது, எழுதிக் கொடுத்தால் ஏற்பாடு செய்கிறோம் என்று கோர்ட்டிலேயே சொன்னார்கள். அமிர்தம்மா கேட்டுக்கொண்டே நடந்தார்கள். வடக்கனந்தல் ஷேர் ஆட்டோ நின்றது. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு ஏறிவிட்டார்கள்.

நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு கூடவே ஓடினேன். “அவருக்குத் தெரிஞ்சா இன்னா பண்ணுவாரோ, போவாதீங்கம்மா.”

“தெரிஞ்சிதான் இருக்கும்” என்றார்கள். “வுடு. போயி ஒல வெக்கணும். அவன் பசி தாங்கமாட்டான்.”